மேகம் ஓடுகிறது, ஆளைக் காணோமே!

கேமரன் மலைக்குப் போய்வந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தின் கைப்பேசியைத் திறந்தாலும் அநேகமாக ஒரே படம்தான் இருக்கும். பின்னால் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் சரிவு. முன்னால் குளிருக்கு ஜாக்கெட் போட்ட பிள்ளைகள். ஓரத்தில் பாதி கடித்த ஸ்ட்ராபெரி. படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மலையில் இரண்டு நாள் தங்கியவர்களுக்கு ஒன்று தெரியும். அங்கே எதுவும் சும்மா நிற்பதில்லை. விடியலில் பள்ளத்தாக்கில் பால் ஊற்றியது போலக் கிடக்கும் மூடுபனி மெல்ல அசைந்து, சரிவில் ஏறி, கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறது. வெயில் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு நகர்கிறது. மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு வந்து எல்லாவற்றையும் மூடுகிறது. மணிமுள் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாதது போல, இவற்றையும் நம்மால் நேரில் பார்க்க முடிவதில்லை. திரும்பிப் பார்க்கும்போது மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அசைவைப் பிடித்துக் காட்டும் வித்தைக்குப் பெயர் டைம்லேப்ஸ். சில விநாடிகளுக்கு ஒரு படம் என்று மணிக்கணக்கில் எடுத்து, அவற்றை அடுக்கிக் காணொளியாக ஓட்டினால், ஒரு காலைப்பொழுது அரை நிமிடத்தில் ஓடிவிடும். வானொலியில் நேரத்தை விநாடி விநாடியாக எண்ணிப் பிழைப்பவள் நான். ஒலிவாங்கியின் முன் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்டவள் மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டது இந்த மலையில்தான்.

இதற்குப் பெரிய பணமும் பெரிய கேமராவும் வேண்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. என் அனுபவத்தில் கேமராவைவிட முக்கியமானது ஒரே ஒரு முடிவு: எத்தனை விநாடிக்கு ஒரு படம்? அந்த எண்ணைப் பொறுத்துத்தான் மலையில் எது தெரியும், எது மறையும் என்பதெல்லாம்.

கணக்கு எளிது

காணொளியில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 12 விநாடிக் காணொளிக்கு 300 படங்கள் வேண்டும். 10 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் 3,000 விநாடி, அதாவது 50 நிமிடம் கேமரா நிற்க வேண்டும். 5 விநாடி இடைவெளி என்றால் 25 நிமிடம். ஒரு விநாடி இடைவெளி என்றால் 5 நிமிடமே போதும். பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கல்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இந்தக் கணக்கை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பொழுதும் போகும், படமும் அவர்களுடையதாகிவிடும்.

மெதுவாக நகர்வதற்கு நீண்ட இடைவெளி, வேகமாக நகர்வதற்குக் குறுகிய இடைவெளி. நிழல் நகர்வதற்கு 20 அல்லது 30 விநாடி, பனிக்கும் மேகத்துக்கும் 5 முதல் 10 விநாடி, சாலையில் போகும் கார்களுக்கும் நடமாடும் மனிதர்களுக்கும் ஒன்று அல்லது இரண்டு விநாடி. தொடங்குகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும்.

வித்தை பழையது. 1910-இல் பெர்சி ஸ்மித் என்ற ஆங்கிலேயர், மொட்டு மலராவதைச் சில விநாடிகளில் காட்டும் குறும்படம் ஒன்றை எடுத்துவிட்டார். அன்றைக்கு ஃபிலிம் சுருளும் தானாக இயங்கும் கருவியும் அசாத்தியப் பொறுமையும் இருந்தால்தான் அது நடக்கும். 2014-இல் ஐபோனில் இந்த வசதி வந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் கைப்பேசியின் கேமராவைத் திறந்து ஓரமாகத் தள்ளிப் பாருங்கள். அநேகமாக அங்கேயே இருக்கும்.

பையில் என்ன இருந்தது?

நான் வைத்திருப்பது யாரோ பயன்படுத்தி விற்ற பழைய டிஎஸ்எல்ஆர். 600 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். 12 மெகாபிக்சல்தான். வாங்கியபோது நண்பர்கள் சிரித்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எச்டி காணொளியின் ஒரு சட்டகத்துக்குத் தேவை ஏறக்குறைய 2 மெகாபிக்சல். 4கே என்றாலும் சுமார் 8 மெகாபிக்சல்தான். அதனால் பத்து ஆண்டுப் பழைய கேமராவும் இந்த வேலைக்குத் தாராளம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது? ஒரு காலைப்பொழுதுக்கு ஆயிரம் படம் எடுக்கப்போகிறோம். ஷட்டருக்கும் ஆயுள் உண்டு.

சில கேமராக்களில் இடைவெளி விட்டுப் படம் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் 'இன்டர்வலோமீட்டர்' என்ற கம்பி வைத்த சின்னக் கருவியை வாங்கிச் செருகலாம். எனக்கு 50 ரிங்கிட் ஆனது. கேனன் வைத்திருப்பவர்களுக்கு 'மேஜிக் லேண்டர்ன்' என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. சில பழைய மாடல்களுக்கு அதுவே இந்த வசதியைக் கொடுத்துவிடும். கோப்ரோ போன்ற சின்னக் கேமராக்களில் எல்லாம் தயாராகவே வருகிறது.

முக்காலியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விலை கூடியதாக இருக்க வேண்டியதில்லை, ஆடாமல் நின்றால் போதும். என்னுடையது லேசானது. அதனால் நடுக்கம்பியில் ஒரு துணிப்பையைக் கட்டி, வழியில் கிடக்கும் கற்களை அதில் போட்டுவிடுவேன். கேமரா மெல்லத் திரும்ப வேண்டுமா? சமையலறையில் வைக்கும் திருகு டைமரை வாங்குங்கள். அது ஒரு மணி நேரத்தில் ஒரு முழு வட்டம் சுற்றும். அதன் தலையில் கைப்பேசியை அசையாமல் ஒட்டிவிட்டால் 15 நிமிடத்தில் கால் வட்டம் திரும்பும். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கையாளும் ஏழைகளின் ரோபோ அது.

எங்கே நிற்கலாம்?

கோலாலம்பூரிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு வழி. தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டி, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய பாதை ஒன்று. சுமார் 60 கிலோமீட்டருக்கு வளைவு மேல் வளைவு. வாந்தி வருகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் அகலமான பாதை இன்னொன்று. எங்களுக்குத் தம்பி ஓட்டினான், பழைய பாதைதான். ஏறும்போதே காற்று மாறுவது அங்கேதான் நன்றாகத் தெரியும்.

முதன்முறை முயல்கிறவர்களுக்கு, ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் இடையில் சாலையோரமாகவே வரும் பாரத் தேயிலைத் தோட்டம் வசதி. வண்டியை நிறுத்தி இறங்கினால் பள்ளத்தாக்கு கண்முன்னே விரியும். அதிகம் நடக்கவேண்டியதில்லை. தேநீர்க்கடை பக்கத்திலேயே. தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு இதுவே சிறந்த இடம்.

பிரிஞ்சாங்கைத் தாண்டி உள்ளே திரும்பினால் போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம். பாதை குறுகலானது. எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது பின்னால் போயே தீர வேண்டும். அங்குள்ள தேநீர் நிலையத்தின் பார்வை மேடை சரிவின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால் கூட்டம் நடமாடினால் மேடை அதிரும், கேமராவும் அதிரும். அதனால் தரையில் முக்காலியை வைக்க இடம் கிடைத்தால் அதுதான் நல்லது. பார்வையாளர் நேரமும் விடுமுறை நாளும் எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். இன்னும் மேலே போனால் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையும் பாசி படர்ந்த காடும். அங்கே மேகம் நம் காலுக்குக் கீழே ஓடும்.

எந்த இடமானாலும் முந்தைய மாலையே போய்ப் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. மலை மறைப்பதால் பள்ளத்துக்குள் வெயில் இன்னும் தாமதமாகத்தான் இறங்கும். எந்தப் பக்கம் சூரியன் வரும், எந்த மரம் குறுக்கே நிற்கும் என்பதை இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பனியும் ஈரமும்

வானம் தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை இழக்கிறது. அதையொட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழுக்கி இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதிலுள்ள ஈரம்தான் விடியற்காலை மூடுபனி. வெயில் பட்டுச் சரிவு சூடானதும் காற்று மேலே ஏறுகிறது, பனியும் அதோடு ஏறிக் கரைகிறது. அதே ஏறுகாற்று மதியத்துக்கு மேல் மேகமாகத் திரண்டு மழையாகவும் கொட்டும். அதனால் இரவில் நட்சத்திரம் தெரிந்தால் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். மறுநாள் காலை பனி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பனியேதான் எதிரியும். லென்ஸின் மேல் ஈரம் படிந்தால் காணொளி பாதியில் மங்கிப்போகும். அறையின் வெதுவெதுப்பிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுக்கும்போதும் லென்ஸ் சிலநேரம் மங்கும். அரை மணி நேரம் முன்னதாகவே பையோடு வெளியே வைத்துவிட்டால் அது தன்னால் பழகிக்கொள்ளும். கை சூடாக்கும் சிறு பொட்டலங்கள் கடையில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை லென்ஸைச் சுற்றி ரப்பர் வளையத்தால் கட்டினால் ஈரம் அண்டாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரண்டாவது பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள்.

கேமராவில் எதையும் தானியங்கியாக விடாதீர்கள். வெளிச்ச அளவு, வண்ணச் சமன், குவியம் மூன்றையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேகத்துக்கும் கேமரா தன் முடிவை மாற்றிக்கொண்டு, காணொளி பழுதான குழல்விளக்கு போலச் சிமிட்டும். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைப்பதும் சிமிட்டலைக் குறைக்கும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும் நேரம் கைதேர்ந்தவர்களுக்கே தலைவலி தரும். புதியவர்கள் விடிந்து அரை மணி கழித்துத் தொடங்கினால் நிம்மதி. படங்களை அடுக்கிக் காணொளியாக்க 'டாவின்சி ரிசால்வ்' என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும்.

மலைக்கு இந்த உருவம் வந்த கதை

கேமரா தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு நமக்கு வேலை எதுவும் இல்லை. உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அப்படிப் பார்க்கும்போது, இயற்கை என்று நாம் சொல்லும் அந்தப் பச்சையில் ஒவ்வொரு கோடும் யாரோ போட்டது என்பது புரியவரும்.

1885-இல் இந்த மேட்டு நிலத்தை அளக்க வந்தவர் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர். அவர் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925-இல் வந்து பார்த்த ஜார்ஜ் மேக்ஸ்வெல், இதைக் குளிர்வாச இடமாக்கலாம் என்று முடிவுசெய்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்ட அனுபவம் உள்ள ஏ.பி. மில்ன் அவருக்குத் துணை. 1933-இல் வந்தது பாரத் தோட்டம். அதைத் தொடங்கிய அகர்வால் குடும்பம் இந்தியாவிலிருந்து வந்தது.

பலகைகளில் உள்ள பெயர்கள் இவை. காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, நாற்று நட்டவர்களின் பெயர்கள் பலகையில் இல்லை. அவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டிக் கப்பலேற்றிய காலம் அது. 1938-இல் இந்திய அரசு அப்படித் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் லயத்திலேயே பிறந்து, அதே சரிவில் கொழுந்து எடுத்தார்கள். என் பாட்டி தேயிலைக்காரி இல்லை. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஆனால் பிரட்டு, கிராணி, தண்டல் என்ற சொற்கள் எங்கள் வீட்டிலும் புழங்கின. ஆகவே தேயிலைச் சரிவை வெறும் காட்சியாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

தேயிலைச் செடியை விட்டுவிட்டால் மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவுக்கு அது நிற்கிறதென்றால், திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே வரிசைக்குக் கொழுந்தெடுக்க வருகிறார்கள். முன்பு விரலால் கிள்ளினார்கள், பிறகு கத்தரி வந்தது. இப்போது பல இடங்களில் இருவர் இரு பக்கம் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம். வெட்டிய கொழுந்து பின்னால் தொங்கும் நீளமான பையில் போய் விழுகிறது. செங்குத்தான இடங்களில் இன்னும் கத்தரிதான். அந்த இயந்திரத்தைப் பிடித்து நடக்கிறவர்களில் இன்று வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர் அதிகம். நம்மவர்களில் அடுத்த தலைமுறை பெரும்பாலும் மலையிறங்கிவிட்டது.

ஒரே சரிவு, இரண்டு இடைவெளி

அன்று காலை எதிர்ச்சரிவில் கொழுந்தெடுப்பு நடந்தது. நான் டிஎஸ்எல்ஆரைச் சரிவு முழுவதும் தெரியும்படி வைத்து 10 விநாடி இடைவெளி கொடுத்தேன். கைப்பேசியை இன்னொரு சின்ன முக்காலியில், அந்த இயந்திரக்காரர்கள் இருந்த பக்கமாக நெருக்கி வைத்து, ஒரு விநாடி இடைவெளி. முன்பே பக்கத்தில் போய், தெரிந்த மலாய் மொழியில் கேட்டேன். படம் எடுக்கலாமா, முகம் தெரிந்தால் பரவாயில்லையா என்று. ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே தொப்பியைச் சரிசெய்தார்.

மூன்று மணி நேரம். டிஎஸ்எல்ஆரில் 1,080 படங்கள். ஓட்டிப் பார்த்தால் 43 விநாடி. அன்று மாலை பிரிஞ்சாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அதை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தார்.

"மேகம் நல்லா ஓடுதும்மா. ஆளுங்களக் காணோமே? இன்னிக்கு அங்க மெஷினு ஓடிச்சில்ல?"

"ஓடிச்சு ஐயா. மூணு மணி நேரமும் ஓடிச்சு."

"பின்ன எங்க?"

அவர் கேட்டது சரியான கேள்வி. பத்து விநாடிக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து மூடும் கேமராவுக்கு மனிதர்கள் துள்ளும் புள்ளிகள். ஒரு சட்டகத்தில் இங்கே, அடுத்ததில் அங்கே. காணொளியில் ஒரு விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் அவர்களுக்கு ஆயுள். கண் அதற்குள் மேகத்தின் பின்னால் போய்விடும். ஊடகவியல் படித்தபோது எங்களுக்குக் காட்டிய பழைய படமொன்று நினைவுக்கு வந்தது. 1838-இல் பாரிஸில் லூயி தாகேர் ஒரு பெரிய சாலையைப் படமெடுத்தார். வண்டிகளும் ஆட்களும் நிறைந்த சாலைதான். ஆனால் படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், நடமாடிய எல்லோரும் கரைந்துபோய்ச் சாலை வெறிச்சென்று கிடந்தது. ஓரமாக நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்ட ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகத் தங்கிவிட்டது. புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். சாலையில் ஓடியாடிய மற்றவர்கள் படத்திலேயே இல்லை.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் காணொளியை மறுபடி ஓட்டச் சொன்னார். இம்முறை விரலைத் திரையில் வைத்தார்.

"இந்தா, இங்கேருந்து இதுவரைக்கும் எடுத்துட்டாங்க. கலரு மாறுது பாரு. இப்ப அடுத்த நெரைக்குப் போறாங்க."

நான் மூன்று முறை பார்த்தும் கவனிக்காததை அவர் ஒரே பார்வையில் சொன்னார். இளங்கொழுந்து வெளிர்பச்சை. அதை எடுத்துவிட்டால் அடியிலுள்ள முற்றிய இலையின் கரும்பச்சை வெளியே தெரியும். 43 விநாடிக் காணொளியில் அந்தக் கரும்பச்சை, ஒரு மூலையில் தொடங்கி வரிசை வரிசையாகச் சரிவில் பரவிக்கொண்டே போகிறது. ஆள் தெரியவில்லை. ஆள் செய்த வேலை தெரிகிறது. நாற்பது ஆண்டு அந்தச் சரிவைப் பார்த்த கண்ணுக்குத்தான் அது எழுத்து மாதிரி இருந்தது.

பிறகு கைப்பேசியில் எடுத்ததைக் காட்டினேன். ஒரு விநாடி இடைவெளி என்பதால் நடை கொஞ்சம் வேகம், பழைய ஊமைப்படம் போல. ஆனால் ஆட்கள் முழுசாக இருந்தார்கள். ஒருவர் மேட்டிலும் மற்றவர் பள்ளத்திலும் நின்று, இயந்திரத்தைச் சமமாகப் பிடிக்க உடம்பைச் சாய்ப்பது தெரிந்தது. பை நிறைந்ததும் இருவரும் நின்று இடுப்பை நிமிர்த்துவது தெரிந்தது. பெரியவர் அந்த இடத்தில்தான் சிரித்தார்.

"ஆங், இப்பத்தான் தோட்டம் மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து எங்கே போனாலும் ஒரே காட்சிக்கு இரண்டு இடைவெளி வைத்து எடுக்கிறேன். ஒன்று மலையின் வேகத்துக்கு, ஒன்று மனிதரின் வேகத்துக்கு. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால்தான் கதை முழுமையாகிறது. நீங்களும் முயன்று பாருங்கள். கூடுதல் செலவு எதுவும் இல்லை, ஒரு கைப்பேசி போதும்.

சில நாகரிகங்களும் உண்டு. படத்துக்காகத் தேயிலை வரிசைக்குள் இறங்கி மிதிக்காதீர்கள். இயந்திரம் வரும் பாதையில் முக்காலியை வைக்காதீர்கள். வேலை செய்கிறவர்களை நெருங்கி எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்று கையசைத்தால் கேமராவைத் திருப்பிவிடுங்கள்.

ஒலியைச் சுருக்க முடியாது

டைம்லேப்ஸில் ஒலி கிடையாது. அதனால் எல்லோரும் ஏதாவது பியானோ இசையைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். வானொலிக்காரியான எனக்கு அது பொறுக்காது. மூன்று மணி நேரத்தைச் சுருக்கலாம், மூன்று மணி நேர ஒலியைச் சுருக்கினால் பூச்சி இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் கேமரா நிற்கும்போதே சற்றுத் தள்ளிப் போய்க் கைப்பேசியில் ஒலியை மட்டும் தனியாகப் பதிவுசெய்வேன். பறவைகள், தூரத்தில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் இரைச்சல், அது நிற்கும்போது சட்டென்று விழும் அமைதி, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் போதும். காற்று ஒலிவாங்கியில் மோதாமல் இருக்கக் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் மேகத்தின் கீழே உண்மையான வேகத்தில் அந்த ஒலியை வைத்துக் கேட்டுப் பாருங்கள். காட்சி மலையினுடையதாகவும் ஒலி மனிதர்களுடையதாகவும் இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு படம்

இடைவெளி விநாடிக் கணக்கில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஜேம்ஸ் பாலோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2007 முதல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா பக்கங்களில் கேமராக்களை நிறுத்தி, பனிப்பாறைகள் சுருங்குவதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தார். 2012-இல் வந்த 'சேஸிங் ஐஸ்' ஆவணப்படம் அந்தக் கதைதான். எண்களைச் சொல்லி நம்ப வைக்க முடியாததை, தொடர்ந்து ஒரே இடத்தில் நின்ற கேமரா காட்டிவிட்டது.

கேமரன் மலைக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். அது ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பள்ளி விடுமுறைக்கு மலையேறாத குடும்பம் குறைவு. அப்பா கம்பளிச் சட்டையோடு நிற்கும் பழைய படம், அக்கா திருமணமான புதிதில் எடுத்தது, போன ஆண்டு பிள்ளைகளோடு எடுத்தது. எல்லாம் அதே சாலையோரம், அதே சரிவு. வரிசையாக அடுக்கிப் பாருங்கள். முன்னால் நிற்பவர்கள் மாறுகிறார்கள். பின்னால் தேயிலை அப்படியே இருக்கிறது. ஆனால் அதற்கும் பின்னால், காடாக இருந்த சில மேடுகளில் காய்கறிக்கும் பூவுக்கும் போட்ட பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளையாகப் பரவியிருக்கலாம். 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனதை மலைவாசிகள் இன்னும் மறக்கவில்லை. சரிவு எப்படி மாறுகிறது என்பதைக் கவனிப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை போகும்போது பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போங்கள். அதே வளைவைத் தேடிப் பிடித்து, அதே மலைமுகடு அதே இடத்தில் வரும்படி நின்று ஒன்று எடுங்கள். முப்பது ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு சட்டகங்கள் உங்களிடம் இருக்கும். அந்த நேரத்தில் சரிவில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், அவர்கள் ஓரம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவர்களும் படத்துக்குள் இருக்கட்டும்.